தையல் வீட்டில் ஒரு பூனைக்குட்டி

வீட்டிலேயே பிளவுஸ் தைத்து, சேலைக்கு ஃபால்ஸ் வைத்து, பீகோ அடித்துக் கொடுக்கிற ஒருத்தி பூனை வளர்க்கலாமா என்று முன்பு யாராவது கேட்டிருந்தால், வேண்டவே வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். என் அலமாரியில் இருப்பதில் பாதி ஊரார் வீட்டுப் பட்டு. ஒரு நகம் ஓர் இழையைப் பிடித்து இழுத்தால் போதும், தையல் கூலியோடு சேலை விலையையும் கொடுக்க வேண்டி வரும். இப்போது கேட்டால் வளர்க்கலாம் என்பேன். ஆனால் குட்டி வந்த முதல் வாரத்திலேயே சில ஏற்பாடுகளைச் செய்துவிட வேண்டும். வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அது தன் ஏற்பாட்டை முடித்திருக்கும்.

எங்களுடையது திருச்சி உறையூரில் மாடி போர்ஷன், வாடகைக்கு. மழைக்காலத்தில் கீழே நின்ற ஸ்கூட்டரின் கவருக்குள் கிடந்து கத்திக்கொண்டிருந்த குட்டியை, ஏழாவது படிக்கும் என் மகன் தூக்கிக்கொண்டு வந்தான். தாய்ப்பூனை தேடி வருமா என்று காத்திருந்து பார்த்தோம், வரவில்லை. கால்நடை மருத்துவர் பல்லைப் பார்த்துவிட்டு இரண்டு மாதம் இருக்கும் என்றார். பட்டன் என்று பெயர் வைத்தோம். தையல் வீட்டில் வேறென்ன பெயர் வரும்.

பட்டன் வந்த அன்றைக்கே தெரிந்துவிட்டது, அவளுக்கு நகத்தால் ஆக வேண்டிய வேலைகள் இரண்டு. துணி மெத்தென்று இருந்தால் முன்னங்கால்களால் பிசைவாள். சொரசொரப்பாக எது இருந்தாலும் பிறாண்டுவாள். இரண்டிலும் பாழாவது துணிதான் என்பதால் இரண்டையும் ஒரே சேட்டையாக நினைத்துத் திட்டத் தோன்றும். ஆனால் பிசைவது வேறு, பிறாண்டுவது வேறு. ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் மற்றதற்குப் பலிக்காது.

பிசைவதை முதலில் சொல்கிறேன். சப்பாத்திக்கு மாவு பிசைவதுபோல இடது கால், வலது கால் என்று மாற்றி மாற்றி அழுத்துவாள். கால் அழுந்தும்போது விரல்கள் விரிந்து நகம் வெளியே வரும், தூக்கும்போது உள்ளே போகும். கண் பாதி மூடியிருக்கும், தொண்டையில் குர்ர் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும், சில நாள் வாயில் எச்சில்கூட ஒழுகும். தாயிடம் பால் குடிக்கிற குட்டி மடியை இப்படி அழுத்தினால்தான் பால் நன்றாகச் சுரக்கும். பால் மறந்த பிறகும் அந்தச் சுகம் மறப்பதில்லை, வளர்ந்த பூனைகளும் செய்கின்றன. பாதத்தில் வாசனைச் சுரப்பிகள் இருப்பதால், பிசைந்த இடத்தில் தன் வாசனையையும் அது பதித்துவிடுகிறது. தாயைச் சீக்கிரம் பிரிந்த குட்டிதான் இப்படிச் செய்யும் என்று பலர் சொல்கிறார்கள். அப்படி இல்லை. தாயிடமே வளர்ந்த பூனையும் பிசையும்.

பட்டனுக்குத் துணி தேர்ந்தெடுக்கத் தெரியும். காட்டன் துண்டை மிதித்துக்கொண்டு போய்விடுவாள். வெல்வெட் என்றால் நின்றுவிடுவாள். ஒரு கல்யாணப் பெண்ணின் கருநீல வெல்வெட் பிளவுஸை வெட்டி மேசைமேல் வைத்துவிட்டுச் சாம்பாருக்குத் தாளிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால், முதுகுத் துண்டின்மேல் நின்று பிசைந்துகொண்டிருக்கிறாள். நல்லவேளை, வெல்வெட்டின் மயிர் மடங்கியிருந்ததே தவிர இழை எதுவும் வரவில்லை. பின்பக்கத்திலிருந்து ஆவி காட்டியதும் நிமிர்ந்துவிட்டது.

பட்டாக இருந்திருந்தால் கதை வேறு. பட்டில் நகம் மாட்டினால் ஓர் இழை வளையமாக மேலே கிளம்பி நிற்கும், அதன் இருபுறமும் துணி சுருங்கிக் கோடு விழும். அந்த வளையத்தைக் கத்தரியால் வெட்டிவிடாதீர்கள். வெட்டினால் அந்த இடம் நாளடைவில் பிரிந்து ஓட்டையாகும். மெல்லிய ஊசி ஒன்றை நூல் கோக்காமல் எடுத்து, வளையத்தைத் துணியின் பின்பக்கம் தள்ளிவிட வேண்டும். பிறகு சுருங்கின கோட்டின் போக்கிலேயே துணியை இரு கையாலும் மெல்ல இழுத்து இழுத்து விட்டால், மிச்ச நூல் தானாகப் பரவி இறங்கும். பூனை இருக்கிற வீட்டில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய கைவேலை இது.

பிசைகிற குட்டியைத் தள்ளிவிடுவதாலோ அதட்டுவதாலோ பயன் இல்லை. தாயிடம் இருக்கிற நினைப்பில் இருப்பதைத் தட்டினால் அதற்குக் காரணம் புரியாது, நம்மிடம் வர மட்டும் பயப்படும். நான் செய்தது, அதற்கென்று ஒரு துணி கொடுத்ததுதான். பழைய குளிர்காலப் போர்வை ஒன்றை நான்காக மடித்து, ஓரம் முழுக்கத் தைத்து, நூல் எதுவும் வெளியே தொங்காதபடி ஒரு மெத்தைத் துண்டு செய்தேன். மெஷினுக்குப் பக்கத்து ஸ்டூலில் அதைப் போட்டேன். பட்டன் என் மடியில் ஏறிப் பிசைய ஆரம்பித்தால், அப்படியே துண்டோடு சேர்த்து மடியில் வைத்துக்கொள்வேன். கொஞ்ச நாளில் துண்டுக்கு அவள் வாசனை ஏறிவிட்டது, அப்புறம் தானாகவே அங்கே போய்ப் பிசைந்துவிட்டுத் தூங்கத் தொடங்கினாள். அந்தத் துண்டை அடிக்கடி துவைக்காதீர்கள். துவைத்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு துண்டு செய்து மாற்றி மாற்றிப் போடுங்கள், ஒன்றிலாவது வாசனை இருக்கட்டும்.

சில குட்டிகள் பிசைந்துகொண்டே துணியை வாயில் வைத்துச் சப்பும். சப்பினால் பரவாயில்லை, கடித்து விழுங்கினால் ஆபத்து. கம்பளி நார் குடலில் போய் அடைத்துக்கொள்ளும். துணியில் ஓட்டை விழுவது தெரிந்தால் அந்தத் துணியை எடுத்துவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் உண்மையான சிக்கல் என் அத்தை. என் மாமியார். அவருக்குப் பட்டன் என்றால் உயிர், பட்டனுக்கும் அவர் வயிறு என்றால் உயிர். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் படுத்தால் வயிற்றின்மேல் ஏறிப் பிசைவாள், நூல் சேலைக்குள் நகம் இறங்கும். “அத்தை, உங்களுக்கு சுகர் இருக்கு, ஒரு கீறல் விழுந்தா லேசுல ஆறாது” என்று சொன்னால், “விடும்மா, பாலுக்குத் தேடுது, பாவம்” என்பார். அவர் தோல் மெலிந்துபோன தோல். எனக்குச் சின்னப் புள்ளியாக விழுவது அவருக்கு ரத்தக் கோடாக விழும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் வீட்டிலும் இதே கதைதான். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். அத்தை படுக்கும்போது வயிற்றின்மேல் இரண்டாக மடித்த பவானி ஜமுக்காளத் துண்டைப் போட்டுக்கொள்வார். பட்டனின் நகத்தை நான் ஒழுங்காக வெட்டுவேன். அதன்பிறகு அவர்கள் பாடு.

நகம் வெட்டுவதில்தான் பெரும்பாலானவர்கள் பின்வாங்குகிறார்கள். பழக்கிவிட்டால் கொத்தமல்லி ஆய்கிற நேரம்கூட ஆகாது. பூனைக்குப் பொதுவாக முன்னங்கால்களில் ஐந்தைந்து, பின்னங்கால்களில் நான்கு நான்கு, ஆக 18 நகங்கள். முதல் சில நாள் வெட்டவே கூடாது. தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது பாதத்தைத் தொட்டு, விரலின் மேலும் கீழும் லேசாக அழுத்தினால் நகம் வெளியே வரும். வந்ததும் விட்டுவிட்டு, வேகவைத்த கோழித் துணுக்கு ஒன்று கொடுக்க வேண்டும். உப்பு, காரம் வேண்டாம். பாதத்தைத் தொட்டால் கோழி வரும் என்று அதன் மண்டையில் ஏறின பிறகு நகவெட்டியை எடுக்கலாம்.

வெளிச்சத்தில் பார்த்தால் நகத்தின் அடிப்பக்கம் இளஞ்சிவப்பாகத் தெரியும். அது ரத்தமும் நரம்பும் ஓடுகிற சதை. அதைத் தொடவே கூடாது. நுனியில் கொக்கியாக வளைந்து கண்ணாடியாகத் தெரிகிற பகுதியை மட்டும், ஒன்றிரண்டு மில்லிமீட்டர், வெட்டினால் போதும். பூனைக்கென்று கடையில் விற்கும் சின்னக் கத்தரி வசதியானது. நம் நகவெட்டியைப் பயன்படுத்தினால் நகத்தின் அகலத்தில் வைக்காமல் பக்கவாட்டில் திருப்பிப் பிடியுங்கள், இல்லையென்றால் நகம் நசுங்கிப் பிளக்கும். முன்னங்காலில் சற்று மேலே, கட்டைவிரல் இடத்தில் இருக்கும் நகத்தை மறந்துவிடாதீர்கள். அது தரையில் படாது, தேயாது. கவனிக்காமல் விட்டால் வளைந்து சதைக்குள்ளேயே குத்திவிடும், வயதான பூனைகளில் இது அதிகம். தவறி ரத்தம் வந்தால் சோள மாவில் நகத்தை அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.

18ஐயும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பட்டன் பொறுமை இழந்தால் வாலை இப்படியும் அப்படியும் வீசுவாள். அது தொடங்கியதும் நிறுத்திவிட்டு மிச்சத்தை மறுநாள் பார்த்துக்கொள்வேன். இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெட்டினால் பிசைவதால் வரும் சேதம் ஏறக்குறைய இல்லாமலே போகிறது. பிசைவதை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை, நுனியை மழுக்கினால் போதும்.

பிறாண்டலுக்கு இது போதாது. நகம் வெட்டின பூனையும் பிறாண்டும்.

அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. நகம் அடுக்கடுக்காக வளர்வதால் மேல் உறை பழசாகிக் கழல வேண்டும், பிறாண்டும்போதுதான் அது கழலும். பிறை வடிவத்தில், உள்ளே கூடாக, அரிசி அளவில் கிடக்கும் அந்த உறையைப் பார்த்துவிட்டு நகமே பிடுங்கிக்கொண்டது என்று என் மகன் அழுதுவிட்டான். அப்புறம், தூங்கி எழுந்ததும் முதுகையும் தோளையும் இழுத்து முறிக்க ஏதாவது ஒன்றைப் பற்றிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இது என் இடம் என்று எழுதி வைக்க வேண்டும். கீறல் கண்ணுக்குத் தெரியும், பாதத்தின் வாசனை மற்ற பூனைகளின் மூக்குக்குத் தெரியும். அதனால்தான் மூலையில் கிடக்கும் உபயோகமில்லாத பெஞ்சை விட்டுவிட்டு, எல்லாரும் வந்து போகிற வாசல் பக்கத்து சோபாவின் கைப்பிடியைத் தேடிப் போகிறது. பெயர்ப்பலகையை யாராவது கொல்லைப்புறத்திலா மாட்டுவார்கள்?

இதைப் புரிந்துகொண்டால் மற்றது சுலபம். பிறாண்டும் தூணை எங்கே வைப்பது என்பதற்குப் பதில், அது இப்போது எங்கே பிறாண்டுகிறதோ அங்கேதான். ஹால் அழகு கெடுகிறது என்று பால்கனியில் வைத்தால், தூண் புதுசாகவே இருக்கும், சோபா கிழிந்திருக்கும். பட்டன் தேர்ந்தெடுத்தவை மூன்று: சோபாவின் வலது முனை, படுக்கையறைக் கதவு நிலை, ஜன்னல் கொசுவலை. கதவு நிலை வீட்டுக்காரருடையது, தேக்கு. அட்வான்ஸில் கை வைத்துவிடுவாரோ என்ற பயத்திலேயே தூண் வேலையை அன்றைக்கே தொடங்கினேன்.

கடையில் குட்டிகளுக்கென்று விற்கும் தூண்கள் பெரும்பாலும் முழங்கால் உயரம்கூட இல்லை. வளர்ந்த பூனை பின்னங்காலில் நின்று உடம்பை முழுசாக நீட்டினால் மூன்று அடி உயரம் வேண்டும். அடுத்ததாக ஆட்டம். குட்டி பிடித்து இழுக்கும்போது தூண் ஒருமுறை சாய்ந்துவிட்டால், அதன் பக்கமே திரும்பாது. அதனால் நாங்களே செய்தோம். தெருமுனைத் தச்சுப் பட்டறையில் மூன்று அடிக்குச் சற்று அதிகமான சவுக்குக் கட்டை, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான பிளைவுட் பலகை, இரண்டையும் கீழிருந்து நீள ஸ்குரு போட்டு இறுக்கித் தரச் சொன்னேன். பலகையின்மேல் ஓர் அம்மிக்கல் துண்டு. வீட்டில் சும்மா கிடந்தது, எடைக்கு ஆனது.

கயிறு விஷயத்தில் என் கருத்து, தேங்காய் நார்க் கயிற்றைவிடச் சணல் கயிறு நல்லது. தேங்காய் நார் மலிவு, சொரசொரப்பும் உண்டு, ஆனால் பிறாண்டப் பிறாண்டத் தூள் கொட்டும், தையல் வீட்டில் அந்தத் தூள் துணியில் ஏறுகிறது. விரல் கனமுள்ள சணல் கயிற்றைக் கீழிருந்து மேலாக, சுற்றுக்குச் சுற்று இடைவெளி இல்லாமல், நாலைந்து சுற்றுக்கு ஒருமுறை ஃபெவிகால் வைத்துச் சுற்றினோம். ஒவ்வொரு சுற்றையும் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டி நெருக்க வேண்டும். லூசாக இருந்தால் நகம் சிக்கும். கயிற்றின் முனைகளை மட்டும் ஆணி அடித்து, தலை வெளியே தெரியாமல் உள்ளே இறக்கிவிட வேண்டும். ஸ்டேப்ளர் பின் வேண்டாம், கழன்றால் பாதத்தில் ஏறும்.

எல்லாப் பூனைக்கும் நிற்கிற தூண் பிடிக்கும் என்றும் இல்லை. சில பூனைகள் தரையில் கிடப்பதைத்தான் பிறாண்டும். வாசலில் போடும் தேங்காய் நார் மிதியடி, கோணிப்பை, கோரைப்பாய் இவற்றில் எதை உங்கள் குட்டி தேடிப் போகிறது என்று இரண்டு நாள் கவனித்துவிட்டுச் செலவு செய்யுங்கள். அத்தையின் பத்தமடைப் பாயைச் சுருட்டிப் பீரோமேல் ஏற்றியது அந்தக் கவனிப்பில்தான். பட்டனுக்கு இரண்டும் வேண்டும், அதனால் ஜன்னலடியில் ஒரு நார் மிதியடியும் போட்டிருக்கிறேன். அங்கே தூள் விழுந்தால் கூட்டிவிடலாம்.

தூணை சோபா முனைக்கு முன்னால், வழியை மறிப்பதுபோலவே வைத்தோம். தடுக்கி விழாதவர் வீட்டில் யாரும் இல்லை. பட்டன் தூங்கி எழுந்ததும், குச்சியில் கட்டிய துணிப் பட்டையைத் தூணின்மேல் ஓட்டுவான் என் மகன். அவள் பட்டையைப் பிடிக்கத் தாவும்போது நகம் கயிற்றில் பதியும், அவ்வளவுதான் பாடம். அதன் காலைப் பிடித்துத் தூணில் தேய்த்துக் காட்ட வேண்டாம். பிடித்து வைத்தால் தூண் என்றாலே பிடிக்காமல் போகும். அது தானாகப் பிறாண்டினால் அந்த நிமிஷமே ஒரு துணுக்குக் கோழி.

குப்பைமேனி வேரும் உதவியது. தெருவோரம் முளைக்கிற அதே குப்பைமேனி, பூனைவணங்கி என்றும் சொல்வார்கள். இலையைப் பூனை கண்டுகொள்ளாது. வேரைப் பிடுங்கினால் அதன்மேல் புரண்டு எழும். வேரை நன்றாகக் கழுவி, கயிற்றின்மேல் தேய்த்துவிட்டு எடுத்துவிடுவேன், தின்னக் கொடுப்பதில்லை. பட்டன் சின்னக் குட்டியாக இருந்தவரை இதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, வளர்ந்த பிறகுதான் வேலை செய்தது.

இதே நேரத்தில் பழைய இடங்களை அதற்குப் பிடிக்காததாக மாற்ற வேண்டும். நகம் பிடிக்க ஏதாவது இருந்தால்தான் பிறாண்டலில் ருசி. இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் நல்ல யோசனைதான், ஆனால் நம் ஊர்த் தூசியில் மூன்று நாளில் ஒட்டாமல் போகிறது. எனக்குக் கைகொடுத்தது அத்தையின் பழைய எக்ஸ்ரே ஃபிலிம். முழங்கால், இடுப்பு என்று ஒரு கட்டே இருந்தது. சோபா முனையைச் சுற்றி அதை வளைத்து டேப் போட்டோம். நகம் வழுக்கியது, இரண்டு மூன்று தடவை முயன்றுவிட்டுப் பக்கத்திலிருந்த தூணுக்குப் போனாள். வந்தவர்களெல்லாம் சோபாவுக்கு என்ன ஆச்சு, யார் டாக்டர் என்று கேட்டார்கள். கதவு நிலைக்கும் அதே வைத்தியம். கொசுவலைக்கு மட்டும் வேறு வழியில்லை, கீழ்ப் பாதிக்கு ஸ்டீல் வலை மாற்றினோம்.

பழக்கம் தூணில் நிலைத்ததும், ஒரே நாளில் தூணைத் தூக்கி மூலையில் வைத்துவிடாதீர்கள். நாளுக்கு ஒரு சாண் நகர்த்துங்கள். நாங்கள் ஹால் சுவரோரம் வரை கொண்டுபோனோம், அதற்குமேல் அவள் வர மறுத்துவிட்டாள். அங்கேயே இருக்கிறது.

பூனையை விரட்ட ஊரில் ஆயிரம் யோசனை சொல்வார்கள். பினாயில் தெளி, நீலகிரித் தைலம் தடவு, பூச்சி உருண்டை போடு என்று. மூன்றுமே பூனைக்கு விஷம். பினாயிலிலும் தைலத்திலும் இருப்பதை நம் ஈரல் சமாளிக்கிற அளவுக்குப் பூனையின் ஈரலால் முடியாது. மிதித்த பாதத்தை நக்கும்போது நேராக உள்ளே போகும். மிளகாய்த் தூள் தூவச் சொன்ன மகராசிகளும் உண்டு. தண்ணீர் அடித்து விரட்டுவது விஷம் இல்லைதான், ஆனால் அது கற்றுக்கொடுப்பது ஒன்றே ஒன்றை: நீங்கள் பார்க்காதபோது பிறாண்ட வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், நகத்தையே ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாமாமே என்றார். நகத்தை மட்டும் எடுக்க முடியாது. ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பையே வெட்டி எடுப்பதுதான் அந்த ஆபரேஷன். வலியில் மண் தொட்டியில் கால் வைக்காமல் கண்ட இடத்தில் போகிற பூனைகளும், நகம் இல்லாததால் கடிக்கத் தொடங்கும் பூனைகளும் உண்டு. அமெரிக்காவில் பல காலமாகச் சாதாரணமாக நடந்துவந்ததை, நியூயார்க் மாநிலம் 2019இல் சட்டம் போட்டுத் தடை செய்தது. ஒரு சோபாவுக்காக இது தேவையா என்று கேட்டேன், அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

மகன் கையில் எப்போதும் கோடுகள் இருந்ததற்குக் காரணம் பிசைவதும் இல்லை, பிறாண்டுவதும் இல்லை. அவன் விரலை ஆட்டி ஆட்டி விளையாடினான். குட்டிக்கு அது எலி. கையை முன்னங்காலால் கட்டிப்பிடித்து, பின்னங்கால் இரண்டாலும் உதைத்துக் கீறும். கூடப்பிறந்த குட்டிகளோடு வளர்ந்தால், கடித்தால் மற்றது கத்தும், ஆட்டம் நிற்கும், அப்படியே அளவு தெரிந்துகொள்ளும். தனியாக வந்ததற்கு நாம்தான் அந்த அளவைச் சொல்லித்தர வேண்டும். நகம் பட்டதும் கையை இழுக்காமல் அசையாமல் வைத்திரு என்று மகனிடம் சொன்னேன். இழுத்தால் ஓடுகிற இரை என்று இன்னும் இறுக்கும், கீறலும் நீளமாகும். அசையாமல் இருந்தால் சலித்து விட்டுவிடும். விட்டதும் எழுந்து போய்விட வேண்டும், ஆட்டம் முடிந்தது. உதைப்பதற்கென்று பழைய சாக்ஸில் துணி வெட்டு மிச்சங்களை அடைத்து முழ நீளத்தில் ஒன்று தைத்துக் கொடுத்தேன். இன்றுவரை அதுதான் அவளுடைய எதிரி.

இந்த இடத்தில், வீட்டில் தைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. நூல்கண்டு உருட்டி விளையாடும் பூனைப் படம் அழகாக இருக்கும், வீட்டில் அதை நடக்க விடாதீர்கள். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் தொண்டையைப் பார்த்துத் திரும்பியிருக்கும், வாயில் போன நூலைத் துப்ப அதற்கு வராது, விழுங்கத்தான் வரும். நூலோடு ஊசி இருந்தால் அதுவும் போகும். குடலில் நூல் இழுபட்டால் குடலையே அறுத்துவிடும். வாயிலோ பின்பக்கத்திலோ நூல் தொங்கினால் பிடித்து இழுக்கக் கூடாது, வெட்டவும் வேண்டாம், அப்படியே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். என் மெஷின் மேசையில் இப்போது ஊசியெல்லாம் மூடி போட்ட டப்பாவில், வெட்டு நூல் மூடி உள்ள டின்னில். பூக்கட்டும் நாருக்கும் இதே விதி.

கீறல் விழுந்தால் என்ன செய்வது என்பதில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. பூனை பாதத்தை நக்கிக்கொண்டே இருப்பதால் நகத்திலும் எச்சில் இருக்கும், அதனால் வெறிநோய்க்குக் கடிதான் வேண்டும் என்றில்லை, கீறலும் கணக்குத்தான். தெருவிலிருந்து வந்த, தடுப்பூசி போடாத குட்டி கீறினால், ரத்தம் வராவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் ஊசிக்குப் பிறகு 3, 7, 28ஆம் நாட்களில் போட வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது. ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு ஊசியும் தேவைப்படும், அதைக் கேட்டு வாங்குங்கள். பட்டன் வந்த புதிதில் மகனுக்கும் எனக்கும் போட்டுக்கொண்டோம். வரிசையில் பெரும்பாலும் நாய்க்கடிக்காரர்கள்தான், பூனைக்குட்டி கீறியதற்கா வந்தீர்கள் என்று ஒருவர் சிரித்தார். சிரித்துவிட்டுப் போகட்டும்.

குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்கிற கணக்கில். உண்ணி, தெள்ளுப்பூச்சிக்கும் மருந்து கேளுங்கள். தெள்ளின் கழிவு நகத்தில் ஒட்டியிருக்கும் பூனை கீறினால் காய்ச்சலும் அக்குளில் நெறிகட்டலும் வரும் நோய் ஒன்று உண்டு, குட்டிகளிடமிருந்துதான் அதிகம் வரும்.

ஐந்து, ஆறு மாதத்தில் பட்டன் தரையிலேயே மிதிக்கத் தொடங்கினாள். முன்பகுதியைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கி, பின்னங்கால்களால் மிதித்துக்கொண்டு இரவெல்லாம் கத்தல். “வயித்து வலி போல, ஓமத் தண்ணி குடுக்கலாமா?” என்றார் அத்தை. அது பழைய பிசைதல் இல்லை, பருவத்துக்கு வந்துவிட்டாள். பிசைதல் முன்னங்காலில், சத்தம் குர்ர் என்று. இது பின்னங்காலில், சத்தம் தெரு முழுக்க. நம் ஊர் வெயிலில் பெண் பூனைக்குப் பருவம் வருஷம் முழுக்க வந்துகொண்டே இருக்கும். கருத்தடை ஆபரேஷன் செய்ததும் அது நின்றது. பிசைவது மட்டும் நிற்கவில்லை, நிற்கவும் வேண்டாம்.

தூணின் கயிறு இப்போது நடுவில் நைந்து பஞ்சாகப் பிரிந்து நிற்கிறது. பார்க்க அசிங்கம்தான், ஆனால் அவளுக்கு அதுதான் ருசி. கட்டையே தெரிகிற அளவுக்குப் போனால் ஒழிய மாற்றாதீர்கள், மாற்றினாலும் முழுசாக மாற்றாதீர்கள். நான் தேய்ந்த நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் புதுக் கயிறு சுற்றினேன், மேலும் கீழும் பழைய கயிறு வாசனையோடு அப்படியே இருக்கிறது. போன தீபாவளிக்கு வீடு வெள்ளையடித்தபோது பெயிண்டர் தூணைப் பழைய சாமான் என்று மொட்டைமாடிக்குத் தூக்கிப் போய்விட்டார். அன்று சாயங்காலமே கதவு நிலையில் நாலு கோடு. தூணைக் கீழே கொண்டுவந்து வைத்தோம். கோடுகளை மெழுகு வைத்து அடைத்து வார்னிஷ் அடித்திருக்கிறேன், வீட்டுக்காரர் இதுவரை கவனிக்கவில்லை.